இழுவையும் வேணும், மைலேஜும் வேணும்

பெட்ரோல் பங்கில் ஒருவர் தன் காரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தால் பதற வேண்டாம். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. டேங்குக்குள் சிக்கிய காற்று வெளியேறினால் இன்னும் கால் லிட்டர் இறங்கும். அது இறங்கினால்தான் மைலேஜ் கணக்கு சுத்தமாக வரும். பக்கத்துப் பம்பு காலியாகக் கிடந்தாலும் இவர் வரிசையில்தான் நிற்பார். போன தடவை நிரப்பிய அதே பம்பு, அதே பைப்பு, வண்டியும் அதே திசை பார்த்து நிற்க வேண்டும். "ரவுண்டு பண்ணிரலாங்ளா?" என்று பங்க் பையன் கேட்டால் முகம் சுருங்கிவிடும். "ரவுண்டு கிவுண்டெல்லாம் வேண்டாந் தம்பி. ஆட்டோ கட் ஆனா நிறுத்திரு." பிறகு டேஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு நோட்டு வெளிவரும். மகள் ஏழாம் வகுப்பில் பாதி எழுதிப் போட்ட கணக்கு நோட்டு. மீதிப் பாதியில் லிட்டர், கிலோமீட்டர், வகுத்து வந்த ஈவு, எல்லாம் இரண்டு தசம ஸ்தானம் வரை.

எழுதி முடித்து, பேனாவை மூடி, அவிநாசி ரோட்டில் ஏறியதும் முன்னால் போகிறவனை முந்துவதற்காக இரண்டாம் கியரில் மிதியைத் தரை வரை அழுத்துவார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

கோவையில் இந்த இனம் கொஞ்சம் கூடுதல். மோட்டாரும் பம்பும் செய்கிற ஊர், ஜி.டி. நாயுடுவின் ஊர், செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊர். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஸ் பார்த்துவிட்டு வந்தவர் திங்கட்கிழமை தன் வண்டியை நிம்மதியாக விட்டுவைக்க மாட்டார்.

இவருடைய அப்பா காலத்தில் இந்த ஆசைக்குச் செலவு கம்மி. கார்புரேட்டரில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். மெக்கானிக் காதைத் தீட்டிக்கொண்டு அதைக் கால் சுற்று திருப்பி, "இப்ப ஓட்டிப் பாருங்க" என்பார். திருப்தி இல்லையென்றால் இன்னொரு கால் சுற்று, இன்னொரு டீ. 1998-இல் சான்ட்ரோ எம்பிஎஃப்ஐ எஞ்சினோடு வந்தது. அந்த நாலெழுத்தைப் பின்பக்கம் பொறித்துக்கொண்டு மற்ற வண்டிகளும் பெருமையாக ஓடத் தொடங்கின. ஸ்க்ரூ போய் ஈசியூ வந்தது. இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும் என்பதை இப்போது ஒரு மூடிய டப்பா முடிவு செய்கிறது. கை வைக்க இடமில்லாமல் போனதில் நம்மவருக்குத் தீராத மனக்குறை.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தது டாங்கிள். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி போர்ட்டில் அதைச் செருகி, ப்ளூடூத்தில் போனோடு இணைத்து, போனைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்திவிட்டார். அதில் எஞ்சினின் எண்கள் துள்ளும். அவருடைய கண்ணும் அதோடு துள்ளும்.

"ஏனுங்க, ரோட்டப் பாருங்க."

"இரு, லேம்டாவப் பாத்துட்டிருக்கேன்."

"அவ யாருங்க?"

அவள் சாதாரண ஆளில்லை. ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தச் சரிசமத்துக்குத்தான் லேம்டா ஒன்று என்று பெயர். முழு பலம் வேண்டுமென்றால் விகிதம் 12.5, 13 பக்கம் இறங்க வேண்டும், அதாவது பெட்ரோலைத் தாராளமாக ஊற்ற வேண்டும். சிக்கனம் வேண்டுமென்றால் 15.5, 16 பக்கம் ஏற வேண்டும். ஆனால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 14.7-ஐ ஒட்டி நின்றால்தான் புகையை ஒழுங்காகச் சுத்தம் செய்யும் என்பதால், சாதாரண ஓட்டத்தில் கம்பெனிக்காரன் எஞ்சினை அங்கேயே கட்டிப்போட்டிருக்கிறான். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபின் அந்தக் கட்டு இன்னும் இறுகிவிட்டது. நம்மவர் இதைக் கம்பெனி தனக்கு எதிராகச் செய்த சதியாகவே பார்க்கிறார்.

சதியை முறியடிக்க ரீமேப், அதாவது ஈசியூவுக்குள் இருக்கும் கணக்கை மாற்றி எழுதுவது.

இங்கே அவருக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும். கூழும் மீசையும் ஒரே எஞ்சினில் கிடைக்காது என்பது தப்பு. ஈசியூவுக்குள் இருப்பது கட்டம் போட்ட அட்டவணை. ஒரு பக்கம் ஆர்பிஎம், மறுபக்கம் எஞ்சின் சுமக்கிற லோடு. 2000 ஆர்பிஎம்மில் மெல்ல உருளும்போது படிக்கிற கட்டம் வேறு, 5500-இல் மிதி முழுக்க அழுந்தும்போது படிக்கிற கட்டம் வேறு. முன்னதில் சிக்கனத்தையும் பின்னதில் தாராளத்தையும் எழுதினால் இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. கம்பெனி விட்டுவைத்த இடைவெளி இருந்து, ஸ்பார்க் விழும் நேரத்தை நாக்கிங் வராத அளவுக்கு முன்னால் தள்ளினால் இழுவை, மைலேஜ் இரண்டுமே கொஞ்சம் கூடும். டர்போ வண்டி என்றால் பூஸ்ட்டையும் ஏற்றிக்கொள்ளலாம். இரண்டும் கிடைக்கும் என்று ரீமேப் போடுகிற டியூனர் சொல்வதில் பொய் இல்லை. எந்தக் கட்டத்தைப் படிப்பது என்பது மட்டும் வலது கால் கையில் இருக்கிறது. நம்மவருடைய கால் அட்டவணையின் கடைசி மூலையில் வீடு கட்டிக் குடியேறிவிட்டது.

அப்படியும் தன்னை மகா சிக்கனக்காரர் என்றே நம்புகிறார். சாட்சி, ஊட்டி. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது நியூட்ரலில் விட்டுவிடுவார். லோ கியரில் இறங்கச் சொல்லும் போர்டுகள் பாமர மக்களுக்கு. கியரில் போட்டு மிதியிலிருந்து காலை எடுத்தால், சரிவே எஞ்சினைச் சுற்றுகிறது என்று புரிந்துகொண்டு ஈசியூ இன்ஜெக்டரை அடியோடு மூடிவிடும். ஒரு சொட்டு செலவில்லை. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமலிருக்க பெட்ரோல் ஊற்றியே ஆக வேண்டும். ஆக, மலை நெடுக இவர் காசு கொடுத்து பிரேக்கைத் தேய்க்கிறார். கல்லாறில் இறங்கிப் பார்த்தால் தீய்ந்த வாடை. "முன்னாடி போன லாரி" என்பார்.

ரீமேப் முடிந்தது. பழைய ஃபைலை பென் டிரைவில் வாங்கிக்கொண்டார். சர்வீசுக்கு விடுமுன் அதைத் திரும்ப ஏற்றிவிட்டால் வாரன்டி கேள்வி வராது என்று ஒரு கணக்கு. வண்டி பாய்ந்தது. மகள் பின்சீட்டில் வாந்தி எடுத்தாள். நோட்டில் 17.42 இருந்த இடத்தில் 14.06 வந்தது.

விசாரணை தொடங்கியது. முதல் குற்றவாளி, பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் ஆறேழு சதவீதம் அடிபடும், உண்மைதான். ஆனால் அந்த எத்தனால் 17.42 வந்தபோதும் டேங்குக்குள்தான் இருந்தது. அதை யாரும் சொல்லவில்லை. அடுத்து டயர் காற்று, ஏசி, மனைவி பின்னால் வைத்திருந்த அரிசி மூட்டை. ஓட்டுகிறவர்மேல் சந்தேகமே எழவில்லை.

கடைசியில் டியூனர் பையன் சாவியை வாங்கிக்கொண்டான். அதே பம்பில் நிரப்பி, எண்பதைத் தாண்டாமல் திருப்பூர் வரை போய்த் திரும்பி, அதே பம்பில் நிரப்பினான்.

"பத்தொம்பது புள்ளி ஆறு வருதுங்ணா. வண்டில ஒண்ணுமில்லீங்ணா, நீங்க..."

அவன் முடிக்கவில்லை. நம்மவர் நோட்டைப் பிரித்து, 19.60 என்று எழுதி, கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு இழுத்தார்.

"நான் அப்பவே சொன்னனில்ல தம்பி, மேப்புல கோளாறே இல்லீன்னு! சரி, ஸ்டேஜ் டூ போட்டா இன்னும் எவ்வளவு கூடும்?"