சுவரில் மாட்டப்பட்டவன்

நேற்று சிலிண்டர் போட வந்த தம்பி ஹாலில் சட்டென்று நின்றார். சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அப்புறம் லுங்கியோடு நின்ற என்னைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"அண்ணனா சார்?"

"நான்தான்ப்பா."

ஓ.டி.பி. நம்பரைக்கூடக் கேட்காமல் போய்விட்டார்.

அது என் மணிவிழா மாலை. மருமகள் ஆர்டர் கொடுத்து, ரெசினில் பதித்து, நடுவில் என் போட்டோவையும் வைத்து வாங்கி மாட்டியிருக்கிறாள். இரண்டு மாலையும் ஒரே ஃபிரேமில் அடங்காதாம். அதனால் என் மனைவியின் மாலை சுவர்க் கடிகாரம் ஆகிவிட்டது. அவள் மாலை காலத்தைக் காட்டுகிறது. என் மாலை நான் காலமானதைக் காட்டுகிறது.

இத்தனைக்கும் அந்த மாலை கழுத்தில் விழுந்தது திருக்கடையூரில். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை எட்டி உதைத்த ஊர். ஆயுள் கெட்டிப்படட்டும் என்று வேன் பிடித்துப் போய், கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வந்தால், வந்த கையோடு மாட்டிவிட்டார்கள். "எமனே வந்தாலும் ஹாலைப் பார்த்துட்டு, இங்க வேலை முடிஞ்சுதுன்னு திரும்பிடுவான், விடுங்க" என்கிறாள் மனைவி. அதுவே பரிகாரமாம்.

  

செய்து கொடுத்த பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். கஷ்டமான வேலை. மாலை வாடுவதற்குள் பூவைப் பிரித்து சிலிக்கா ஜெல்லில் புதைத்து ஈரத்தை இழுக்க வேண்டும். ரோஜா கறுத்தாலும் மானம் காக்கும். சம்பங்கி பழுத்துப் பல்லிளித்துவிடும். ஜிகினாவுக்கு மட்டும் மரணமில்லை. ரெசினையும் ஹார்டனரையும் எடை போட்டுக் கலக்க வேண்டும். அளவு தப்பினால் ஆயுசுக்கும் பிசுபிசுப்பு. ஒரேயடியாக ஊற்றினால் சூடேறிக் கெட்டுப்போகும் என்று அடுக்கடுக்காக ஊற்றி, ஒவ்வொரு அடுக்கிலும் குமிழியை ஹீட் கன்னால் விரட்ட வேண்டும். இத்தனையும் சரியாகச் செய்தாலும் வெயில் பட்டால் மஞ்சள் அடித்துவிடும். ஆகவே எங்கள் ஹால் ஜன்னலுக்கு இப்போது கனத்த திரை. பட்டப்பகலில் இருட்டு, இருட்டில் மாலையோடு நான். சிவப்பு பல்பு ஒன்றுதான் பாக்கி.

பேரன் வந்தபிறகு இந்த வியாதி முற்றிவிட்டது. அவன் தொப்புள்கொடி ரெசினில். முதல் முடியில் ஒரு சிட்டிகை சாமிக்குப் போகாமல் ரெசினில். தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டிவிட்டது நம் ஊர் வழக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். அது இடுப்போடு போயிற்று. விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தோம். எங்கே போயிற்று என்று எவனும் தேடவில்லை. இவனுக்கு இன்னும் ஒரு பல்கூட ஆடவில்லை, அதற்குள் டப்பா வந்து காத்திருக்கிறது.

எங்கள் காலத்து ஞாபகப் பொருள் என்றால் பேர் வெட்டின எவர்சில்வர் பாத்திரம். பாத்திரக்கடை மூலையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சின்ன உளி, சின்னச் சுத்தி. சீட்டில் எழுதிக் கொடுத்ததைப் புள்ளி புள்ளியாகக் கொத்துவார். பிற்பாடு கரண்டில் ஓடும் பேனா வந்து கிர்ரென்று எழுதித் தள்ளியது. எழுத்துக்கு இத்தனை காசு என்று கணக்கு வைத்ததால் பாசத்தில் சிக்கனம் புகுந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கிண்ணம் ஒன்றில் 'கே.எஸ். அன்பளிப்பு' என்றிருக்கிறது. யார் அந்தக் கே.எஸ். என்பதில் வீட்டில் மூன்று கட்சி. நேர் எதிராக, மாமா ஒருவர் தன் பேர், தகப்பனார் பேர், ஊர், தபாலாபீஸ் வரைக்கும் வெட்டி, மணமக்கள் பேருக்கு இடமில்லாமல் அடித்துவிட்டார். அதுவும் ஒரு டபராவில். கூட வந்த டம்ளரில் மீதி இருக்குமோ என்று தேடினேன். இல்லை.

பத்து வருஷத்துக்கு மேலாகப் பேச்சுவார்த்தை இல்லாத பெரியப்பா மகன் பேர் எங்கள் சொம்பின் விளிம்பில் இருக்கிறது. அவன் பேரில் வாய் படக்கூடாதென்றே நான் அண்ணாந்து குடிக்கப் பழகினேன். கல்யாணத் தேதி வெட்டிய குடம் அடுப்படியிலேயே இருப்பதால், 'இன்னைக்கு என்ன நாள் தெரியுமா' என்ற கேள்வியில் நான் மாட்டியதே இல்லை; தண்ணீர் குடிப்பதுபோல உள்ளே போய் ஒரு பார்வை. பக்கத்து வீட்டுக்குப் பாயசத்தோடு போன தூக்கு எத்தனை நாள் கழித்தும் வீடு திரும்பும். பேர் வெட்டியதை வேறு கல்யாணத்தில் தள்ளிவிடவும் முடியாது. சில கில்லாடிகள் பழைய பேரைத் தேய்த்துவிட்டுப் புதுப் பேர் போடுவார்கள். எங்களுக்கு வந்த தாம்பாளத்தில் என் மனைவி பேருக்கு அடியில் இன்னொருத்தி இருக்கிறாள். வெயிலில் சாய்த்தால் தெரிவாள். அவள் யார் என்று என்னைக் கேட்டால்? கொடுத்த சித்தப்பாவைக் கேட்க வேண்டும்.

சொல்ல வந்தது பாத்திரத்தைப் பற்றி இல்லை. ஆனாலும் ஒன்று. அடி நசுங்கினால் அதை எடைக்குப் போட்டுப் புதுசு வாங்கலாம். எவனும் கண்ணீர் விட மாட்டான். ரெசினை எந்தக் கடைக்காரன் எடைக்கு எடுப்பான்? ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நானே ஏணி போட்டு ஏறி, என்னையே ஒட்டடை அடித்து, என் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அடுத்த ஏற்பாடு. வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவர் கையையும் அச்செடுக்கப் போகிறார்களாம். ஆல்ஜினேட் என்று ஒரு மாவு. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. நம் மண்டபம் கரையில் கிடைக்கும் பாசிதான். பல்செட்டுக்கு அளவெடுக்கப் பல் டாக்டர் கடிக்கக் கொடுப்பாரே, அதே சமாச்சாரம். வாளியில் கரைத்து, இருவரும் கைகோத்து உள்ளே விட்டு, கெட்டிப்படும்வரை சில நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும். கையை உருவியபின் அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஊற்றினால் ரேகை முதற்கொண்டு விழுமாம்.

கைகோத்து. அங்கேதான் இடிக்கிறது. மணவறையில் ஐயர் பிடிக்கச் சொன்னபோது பிடித்தது. அப்புறம் ரோட்டைக் கடக்கும்போதுகூட நான் முன்னால், அவள் பத்தடி பின்னால். நேற்று ராத்திரி மருமகள் ஒத்திகை பார்க்கச் சொன்னாள். யார் கை மேலே, யார் கை கீழே என்று ஆரம்பித்தது, பெண் பார்க்க வந்த அன்று என் அம்மா கேசரியைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தையில் போய் நின்றது.

"மாமா, அத்தை, அப்படியே இருங்க! ரொம்ப நேச்சுரலா இருக்கு" என்றாள் மருமகள்.

மோதிரத்தைக் கழற்றிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்களாம். என்னுடையது கல்யாணத்தன்று போட்டது, முட்டியைத் தாண்ட மாட்டேன் என்கிறது. சோப்பு போட்டுப் பார்த்தாயிற்று. இன்றைக்கு விளக்கெண்ணெய்.