இரண்டாவது டிஸ்க்

என்னிடம் இருக்கும் ‘பதேர் பாஞ்சாலி’ என் வீட்டில் ஓடாது. அட்டைப்பெட்டி புத்தம் புதிதாக இருக்கிறது. ப்ளூ-ரே தட்டில் ஒரு கீறல் கிடையாது. பிளேயருக்கும் ஒரு கோளாறும் இல்லை. தட்டை உள்ளே தள்ளினால் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு, இது உங்கள் மண்டலத்துக்கானது அல்ல என்று திரையில் எழுதிக் காட்டுகிறது. ப்ளூ-ரே கம்பெனிகள் உலகத்தை மூன்றாகப் பங்கு போட்டிருக்கின்றன. அமெரிக்காவும் ஜப்பானும் ஏ. ஐரோப்பா பி. இந்தியா, சீனா, ரஷ்யா எல்லாம் சி. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் போரால் கிராமத்தில் சத்யஜித் ராய் எடுத்த படத்தை, நியூயார்க்கிலிருக்கும் கிரைட்டீரியன் நிறுவனம் ஏ மண்டலத்துக்காரர்களுக்காக வெளியிட்டிருக்கிறது. அப்புவும் துர்காவும் சொந்த நாட்டுக்குள் நுழைய விசா இல்லை.

அவர்கள் பட்ட பாடு தெரிந்தால் இன்னும் வயிறெரியும். 1993இல் லண்டனில் ஒரு லேப் தீப்பிடித்ததில் அப்பு வரிசைப் படங்களின் மூல நெகடிவ்கள் கருகின. சுருண்டுபோன அந்தச் சுருள்களைத் தூக்கி எறியாமல் ஆஸ்கார் அகாடமியின் காப்பகத்தில் வைத்திருந்தார்கள். இருபது வருடம் கழித்து இத்தாலியின் பொலோனா நகரத்துக்காரர்கள் அவற்றை எடுத்து, ஊறவைத்து, பிரித்து, ஒட்டி, 2015இல் 4கே தெளிவில் உயிர் கொடுத்தார்கள். அப்படிப் பிழைத்து வந்தவர்களை என் அண்ணன் மகன் நியூஜெர்சியிலிருந்து சட்டைகளுக்கு நடுவில் சொருகிக் கொண்டுவந்தான். போகும்போது பருப்புப்பொடி போன அதே பெட்டி. “பாதி விலை ஆஃபர்ல வாங்கினேன் சித்தப்பா” என்றான். அந்தப் பாதி விலையே எங்கள் வீட்டு ஒரு மாத மளிகைச் செலவுக்கு மேல். என் மனைவிக்கு இன்றுவரை முழு விலை என்னவென்று தெரியாது.

திருட்டு விசிடி ஒருநாளும் என்னை நீ எந்த ஊர் என்று கேட்டதில்லை.

அது இந்த நூற்றாண்டின் தொடக்கம். பர்மாவிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் பிழைப்பதற்காக 1969இல் ஏற்படுத்திக் கொடுத்த பர்மா பஜார், கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி நீண்டு கிடக்கும். சென்ட், டார்ச், டேப்ரிக்கார்டர் விற்ற கடைகளில் பாதி அப்போது சிடி கடைகளாக மாறியிருந்தன. நான் வாடிக்கையாகப் போகும் பாய் தன் சரக்கை அட்டைப்பெட்டிகளில் பிரித்து வைத்திருந்தார். இங்கிலீஷ் புதுசு, இங்கிலீஷ் பழசு, ஃபைட்டு, பேய், வேர்ல்டு. வேர்ல்டு பெட்டியில் பெர்க்மன் இருப்பார், குரோசவா இருப்பார். அட்டையிலேயே எல்லாம் தெரிகிற இத்தாலியப் படங்களும் அவர்கள்மேல் சாய்ந்துகொண்டிருக்கும். இரண்டு வகை வாடிக்கையாளர்களும் ஒரே பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்பது எழுதாத ஒப்பந்தம். அவசரத்தில் மாற்றி எடுத்துப்போய், ‘பெர்சோனா’வை முழுதாக உட்கார்ந்து பார்த்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

பாய் அந்தப் பெட்டியில் இருந்த எந்தப் படத்தையும் பார்த்ததில்லை. அட்டையைப் பார்த்தும் எங்கள் முகத்தைப் பார்த்தும் தொழிலைக் கற்றுக்கொண்டார். “வா சார், அந்த ரஷ்யாக்காரர் படம் வந்துக்குது. உள்ள மழை பெய்யும், குதிரை நிக்கும். உனுக்குப் புடிக்கும்” என்பார். டார்கோவ்ஸ்கியைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை எந்தச் சிற்றிதழிலும் நான் படித்ததில்லை.

“பிரிண்ட் எப்படி பாய்?”

“கண்ணாடி மாரி இருக்கும் சார்.”

கண்ணாடி எந்தக் காலத்துக் கண்ணாடி என்று வீட்டுக்கு வந்துதான் தெரியும். ஒரு விசிடியில் எழுபத்துச் சொச்சம் நிமிடம்தான் அடங்கும் என்பதால் எல்லாப் படமும் குறைந்தது இரண்டு தட்டு. அதனால் உலக சினிமா எல்லாவற்றிலும் தமிழ்நாட்டு முறைப்படி ஓர் இடைவேளை வந்தது. ‘செவன் சாமுராய்’ 207 நிமிடம், மூன்று தட்டு, இரண்டு இடைவேளை. பிறகு டிவிடி வந்தது. அசல் டிவிடியில் எட்டரை ஜிபி இருப்பதைக் கசக்கிப் பிழிந்து 4.7 ஜிபி தட்டில் அடைத்தார்கள். அதுவும் போதாதென்று ஒரே தட்டில் ஐந்து படம். கிம் கி-டுக்கின் ஏரி சின்னச் சின்னச் சதுரங்களாக அலையடித்தது.

டார்கோவ்ஸ்கியின் ‘நாஸ்டால்ஜியா’வில் ஒரு காட்சி. வற்றிய குளத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஒரு மனிதர் எரியும் மெழுகுவத்தியை அணையாமல் கொண்டுபோக வேண்டும். அணைந்தால் மறுபடி முதலிலிருந்து. கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம், ஒரே ஷாட். எங்கள் தட்டில் அவர் பாதிக் குளத்தில் நின்றார். நானும் நண்பனும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். காலத்தைச் செதுக்குவது என்றால் இதுதான் என்று அவன் கிசுகிசுத்தான். காபி கொண்டுவந்த அவன் அம்மா, “ஏண்டா, அது நின்னு எவ்ளோ நேரமாச்சு? மேல ஒரு தட்டு தட்டுங்கடா” என்றார். தட்டினோம். மெழுகுவத்தி நகர்ந்தது.

சப்டைட்டில் தனிக்கதை. யார், எந்த நாட்டில் உட்கார்ந்து எழுதிய ஆங்கிலமோ அது. ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’க்கு வேறேதோ போர்ப் படத்தின் சப்டைட்டில் ஒட்டியிருந்தது. பிள்ளைகளைப் பார்க்க ரயிலேறி வந்த கிழவரும் கிழவியும் விசிறியால் விசிறிக்கொண்டே பாலத்தை எப்போது தகர்ப்பது என்று பேசிக்கொண்டார்கள். அப்படியும் கடைசியில் அழுதோம். இன்று பிழையில்லாத சப்டைட்டிலோடு அதே படம் என் அலமாரியில் இருக்கிறது. அன்றைக்கு அந்தக் கிழவர் என்னதான் சொன்னார் என்று இன்னும் பார்க்கவில்லை.

வாங்கிய எதையும் அந்த வாரமே பார்த்துவிடுவோம். இரண்டு காரணம். அடுத்து வாங்கிப்போக ஒருத்தன் வாசலில் நிற்பான்; தவிர, அடுத்த வாரம் அந்தத் தட்டு உயிரோடிருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. யார் எதை எடுத்துப்போனான் என்பதற்கு ஒரு நோட்டு இருந்தது. திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளில், தட்டைப் பனியனால் துடைத்துத் துடைத்து, ஒரு ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ ஒரு மாதத்தில் பார்த்த ஆட்களை இன்று என் வரவேற்பறையில் உட்காரவைக்க இடம் போதாது.

2004இல் தமிழ்நாடு அரசு திருட்டு விசிடிக்காரர்களையும் குண்டர் சட்டத்தில் சேர்த்தது. பஜாரில் திடீர் திடீரென்று ரெய்டு வரும். ஆனால் தேடி வருவது போன வெள்ளிக்கிழமை ரிலீஸான தமிழ்ப் படத்தை. பிரெஸ்ஸோனுக்காக எந்த இன்ஸ்பெக்டரும் ஜீப்பை விட்டு இறங்கியதில்லை. பாய் அதையும் கவனித்து வைத்திருந்தார். புதுத் தமிழ்ப் படத்தை ‘பிக்பாக்கெட்’ அட்டைக்குள் ஒளித்து வைத்தார். பிரெஸ்ஸோனின் நெடுநாள் தவத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை வடசென்னையில் கிடைத்திருக்காது.

அந்த நாட்களில்தான் செழியன் ஆனந்த விகடனில் ‘உலக சினிமா’ தொடர் எழுதினார். இதழ் வந்த வாரமே அந்தப் படத்தைக் கேட்டு ஆட்கள் வந்து நிற்பார்கள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மதுரைக்காரர்கள், விருதுநகர்க்காரர்கள். உதவி இயக்குநர்கள் தனி ரகம். அவர்கள் பேரம் பேச மாட்டார்கள், ரசீதும் கேட்க மாட்டார்கள். படத்தின் பெயரை மட்டும் மெதுவாகச் சொல்வார்கள். இரண்டு வருடம் கழித்து தியேட்டரில் ஏதாவதொரு தமிழ்ப் படம் பார்க்கும்போது, கதை பாயின் எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தது என்று எங்களால் சொல்லிவிட முடிந்தது. சில படங்களில் சதுரம் சதுரமாக உடைந்த அந்த ஏரிகூட ஞாபகம் வந்தது.

நடுவில் நியாயமான வழியும் கொஞ்ச காலம் திறந்திருந்தது. மோசர் பேயர் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் மளிகைக் கடை வரை கொண்டுவந்தபோது பாயே ஆடிப்போனார். திருட்டைவிட நேர்மை மலிவாகக் கிடைத்த ஒரே காலம் அது. அந்த நிறுவனம் 2018இல் கலைப்புக்குப் போனது.

இப்போது நான் மரியாதையான சேகரிப்பாளன். முன்பு ஷூ டப்பாவில் கிடந்தது, இப்போது கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் நிற்கிறது. சென்னை ஈரத்துக்குத் தட்டில் பூஞ்சை பூக்கும் என்பதால் மூலைக்கு மூலை சிலிக்கா பொட்டலம். கிரைட்டீரியன் தன் வெளியீடுகளுக்கெல்லாம் முதுகில் எண் போடும். அந்த எண் வரிசையில் அடுக்குவதா, இயக்குநர் வரிசையிலா என்று எங்களைப் போன்றவர்களிடையே தீராத வழக்கு உண்டு. எந்த வரிசையில் பார்ப்பது என்று யாரும் வழக்காடி நான் கேட்டதில்லை. பாதிக்குமேல் கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காமல் இருக்கின்றன. பிரித்தால் மதிப்புக் குறையுமாம். ‘செவன் சாமுராய்’ என்னிடம் விசிடியாகவும் டிவிடியாகவும் ப்ளூ-ரேயாகவும் இருக்கிறது. 2024இல் 4கே தட்டு வந்ததும் அதையும் வாங்கினேன். விசிடியில் மழைச் சண்டை நடக்கும்போது யார் யாரை வெட்டுகிறார்கள் என்பது யூகம்தான். அதைப் பலமுறை பார்த்தேன். 4கேயில் கூரை வைக்கோலை ஒவ்வொன்றாக எண்ணலாம் என்கிறார்கள். 4கே தட்டுக்கு மண்டலப் பூட்டு கிடையாது என்ற நல்ல செய்தியையும் கேள்விப்பட்டேன். அதற்கான பிளேயர் வாங்குவது பற்றி வீட்டில் பேச நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மெழுகுவத்திக்கு மூச்சடக்கிய நண்பன் தட்டுகளையெல்லாம் விற்றுவிட்டான். “எதுக்குடா இடத்த அடைச்சுக்கிட்டு, எல்லாம் ஓடிடியில வந்துருச்சு” என்பது அவன் கட்சி. வருவது உண்மைதான், போவதும் உண்மை. ஃபில்ம்ஸ்ட்ரக் என்று கலைப்படங்களுக்காகவே அமெரிக்காவில் ஒரு தளம் தொடங்கினார்கள்; இரண்டே வருடத்தில், 2018 கடைசியில் மூடிவிட்டார்கள். 2019இல் கிரைட்டீரியனே சொந்தத் தளம் ஆரம்பித்தது, அமெரிக்கா, கனடாவுக்கு மட்டும். என் நண்பன் வங்கியில் மேலாளர். திருட்டு விசிடியால் தொழில் அழிந்தது என்று கூட்டத்தில் பேசுகிறவன். ராத்திரி ஒன்பது மணிக்குமேல் முடிச்சூரில் உட்கார்ந்துகொண்டு, தான் டொராண்டோவில் இருப்பதாகக் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லிப் படம் பார்க்கிறான். மாதச் சந்தாவைச் சரியாகக் கட்டிவிடுகிறான் என்பதால் மனசாட்சி உறுத்துவதில்லையாம்.

போன மாதம் ஓர் ஆராய்ச்சி மாணவர் வந்தார். என் சேகரிப்பைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். அலமாரி விளக்கைப் போட்டுக் காட்டினேன். மரியாதைக்கு இரண்டு நிமிடம் நின்று பார்த்தார்.

“இதெல்லாம் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு சார். பழைய தமிழ்ப் பட விசிடி ஏதாவது வச்சிருக்கீங்களா?”

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 1931இல் வந்த தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’ இன்று பார்க்கக் கிடைக்காது. அது பழைய கதை என்று விடலாம். 1988இல் வந்த ‘வீடு’ படத்தின் நெகடிவ் இல்லாமல் போனதைப் பற்றி பாலு மகேந்திரா தன் கடைசி வருடங்களில் வேதனையோடு பேசினார். தமிழுக்கென்று ஒரு திரைப்படக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே 2014இல் போய்ச் சேர்ந்தார். லண்டனில் எரிந்த வங்காளப் படத்துக்கு பொலோனாவில் ஆள் இருந்தது. வடபழனியில் எதுவும் எரியக்கூட இல்லை, சும்மாவே காணாமல் போனது.

மாணவருக்கு வேண்டியது மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’. 1979 படம். கிடைக்கிற பிரதிகளையெல்லாம் திரட்டி ஒப்பிட்டுப் பார்க்கிறாராம், முக்கியமாகக் கடைசி ஆற்றங்கரைக் காட்சியை. பாய் கடையில் ஏதோ ஒரு தடவை சில்லறைக்குப் பதிலாகக் கொடுத்த விசிடி அது. பரணில் ஏறி, கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் அதைக் கண்டுபிடித்தபோது தலையெல்லாம் ஒட்டடை. அவர் லேப்டாப்பில் டிஸ்க் போட வழியில்லை, என்னுடையதிலும் இல்லை. இரண்டு பேரும் ரிச்சி தெருவுக்குப் போனோம். யூஎஸ்பி டிரைவைத் தேடி எடுத்துத் தூசி தட்டிய கடைக்காரர், “கல்யாண சிடியா சார்? இப்பல்லாம் அதுக்குத்தான் கேக்குறாங்க” என்றார்.

முதல் தட்டு ஒரு திக்கல்கூட இல்லாமல் ஓடியது. நிறம் வெளுத்திருந்தது, கீழே ஒரு செல்போன் கடை விளம்பரம் நகர்ந்துகொண்டே இருந்தது, இருந்தும் மாணவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். இடைவேளை. இரண்டாவது உறையைப் பிரித்து உள்ளேயிருந்ததைப் போட்டேன். ஆற்றங்கரைக்குப் பதிலாக ஜப்பானிய விவசாயிகள் மூங்கில் ஈட்டிகளோடு ஓடினார்கள்.

மாணவர் தட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார்.

“இதுதான் சார் உங்ககிட்ட ஏற்கெனவே நெறைய இருக்கே.”