பெருக்கல் குறியும் கூட்டல் கணக்கும்

வீட்டைக் காலி செய்யப் போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு, குடியிருப்போர் சங்கத் தேர்தலில் நின்று ஜெயித்தவரைப் பார்த்திருக்கிறீர்களா? 2019 மே மாதம் பிரிட்டன் அப்படித்தான் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டது. பிரெக்ஸிட் என்ற பெயரில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு மார்ச் 29-ஆம் தேதியே வெளியேறியிருக்க வேண்டும். மூட்டை கட்டி முடியவில்லை.

வாக்காளர் செய்ததெல்லாம், பென்சிலை எடுத்து ஒரு கட்சிக்கு நேரே ஒரு பெருக்கல் குறி. கூட்டல், கழித்தல் எல்லாம் டிவியில் உட்கார்ந்திருந்தவர்கள் பாடு. நைஜல் ஃபராஜின் பிரெக்ஸிட் கட்சிக்குச் சுமார் 31 சதவீதம், முதலிடம். ஆகவே மக்கள் போகச் சொல்லிவிட்டார்கள். எதிரணி சும்மா இருக்குமா? லிபரல் டெமாக்ரட், பசுமைக் கட்சி, ஸ்காட்லாந்து தேசியக் கட்சி, இன்னும் சில சிறு கட்சிகள் என்று சில்லறையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தது. ஏறத்தாழ 40 வந்தது. ஆகவே மக்கள் இருக்கச் சொல்லிவிட்டார்கள். லேபர் கட்சியின் ஓட்டை எந்தப் பக்கம் சேர்ப்பது? அது அந்தக் கட்சிக்கே தெரியாத ரகசியம். வாக்குச்சாவடிப் பக்கமே வராத 63 சதவீதத்தில் மட்டும் ஏனோ யாரும் பங்கு கேட்கவில்லை.

டிசம்பரில் பொதுத்தேர்தல். பிரெக்ஸிட்டை முடித்துவைக்கிறேன் என்ற போரிஸ் ஜான்சனின் கட்சிக்கு 43.6 சதவீத ஓட்டு, 365 இடம். வெளியேறுவது பற்றி மக்களிடம் மறு வாக்கெடுப்பு கேட்ட கட்சிகளின் ஓட்டைக் கூட்டினால் பாதிக்கு மேல் வருகிறது. அவர்கள் கூட்டிக்கொண்டே இருக்க, 2020 ஜனவரி 31 இரவு பிரிட்டன் கிளம்பிப் போய்விட்டது.