ஒரு சீப்புப் பழமும் சந்தோசமும்

ஏலே பேராண்டி, வாழைப்பழத்துல செரட்டோனின் இருக்கு, தின்னா மனசு குளிரும்னு போன்ல எவனோ சொன்னானாம். நீயும் ஒரு சீப்ப உரிச்சு உள்ள தள்ளிட்டியாமே! குளிர்ந்துச்சா? மூஞ்சியப் பாத்தா வயிறு உப்புனதுதான் தெரியுது.

கம்பவுண்டர் உத்தியோகத்துல தேஞ்ச கட்டை சொல்லுதேன், கேளு. பழத்துல செரட்டோனின் இருக்குறது நெசந்தான். ஆனா ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு. அது இதை உள்ள விடாது. மூளை தனக்கு வேண்டியத தானே செஞ்சுக்கிடும். உடம்புல இருக்க செரட்டோனின் சரக்குல 90 சதவீதம் கிடக்குறது குடல்லலே! இத்தாலிக்காரர் எர்ஸ்பாமர் 1930கள்ல குடல்லதான் இதைக் கண்டுபிடிச்சாரு. 1948ல அமெரிக்காவுல ரத்தத்துல இருந்து பிரிச்சு எடுத்தாங்க. மூளையிலயும் இருக்குன்னு பெட்டி ட்வாராக்ங்கிற அம்மா காட்டுனது அதுக்கும் பொறவுதான்.

சரக்கு ஒண்ணு, அதை வாங்கிக்கிடுற ரிசப்டர் மட்டும் நம்பர் போட்டு 7 குடும்பம். வட்டிக்காரன் கதவைத் தட்டுனா ஒரு வீட்டுல மோர் குடுப்பாக, அடுத்த வீட்டுல கொல்லப்பக்கமா ஓடுவாக, அந்த மாதிரிதான். புத்துநோய் மருந்து ஏத்துனா குடல் செல்லு செரட்டோனினக் கொட்டும். பக்கத்து நரம்புல இருக்க மூணாம் நம்பர் ரிசப்டர் அதைப் பிடிச்சு மூளைக்குத் தாக்கல் சொல்லும், வாந்தி வரும். ஒண்டான்செட்ரான்ங்கிற வாந்தி மருந்து அந்த ரிசப்டரை அடைக்கும். உங்க அத்தைக்காரி அதையே மலை பஸ்ஸுக்கு முழுங்கிட்டுப் போயி, சன்னலை விட்டுத் தலையை எடுக்கல. பஸ் வாந்தி வேற வழியா வர்றது தாயி!

ஒத்தத் தலைவலிக்கு சுமட்ரிப்டான் குடுப்பாக. 1பி ரிசப்டர் வழியா மண்டை ரத்தக்குழாயைச் சுருக்கும். அதே 1பி நெஞ்சுக் குழாயிலயும் இருக்கு. இதய அடைப்புக்காரருக்கு ‘நமக்குக் கேட்டுச்சே’ன்னு நீட்டிராத, பாவி!

தொந்தி கரைய பென்புளூரமின் தின்னவுகள்ல சிலருக்கு அது 2பி ரிசப்டரைத் தூண்டி இதய வால்வு தடிச்சுப்போச்சு. 1997ல கடையில இருந்து எடுத்தாக. அழகுக்கு ஆசைப்பட்ட கூத்து!

மனசு நெசமாவே சரியில்லன்னா டாக்டரைப் பாருலே. அவரு குடுக்குற, செரட்டோனின்மேல வேலை பாக்குற மாத்திரை மனசுல வேலை காட்ட சில வாரம் ஆகும். குடல்ல முதல் நாளே காட்டலாம், குமட்டலாம். அதுக்காக நீயா நிறுத்திராத, அவருகிட்டயே போய்க் கேளு.