டெராபைட் மாமா

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாம் பூஜையறை எந்தத் திசையைப் பார்க்கிறது, கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மட்டும் டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்து, "ரூட்டருக்கு எங்க இடம் விட்டிருக்கீங்க? சுவத்துக்குள்ள கேட் சிக்ஸ் கேபிள் இழுத்தாச்சா?" என்பார். இழுக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் தொங்கிவிடும். வாஸ்துவில் குற்றம் கண்டவர்கூட அவ்வளவு வருத்தப்பட மாட்டார்.

அவர்தான் டெராபைட் மாமா. சென்னையில் அடுக்ககத்துக்கு ஒருவராவது இருப்பார். ஐ.டி. கம்பெனியில் மேனேஜராக இருப்பார்; அல்லது வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வீட்டில் தன்னை யாரும் விரும்பி ஓய்வில் விடுவதில்லை என்று கண்டுபிடித்தவராக இருப்பார். இவர் வீட்டு லாஃப்டிலோ டிவி ஸ்டாண்டின் அடித்தட்டிலோ ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். பச்சை விளக்குகள் மினுக்கும். உள்ளே கடகடவென்று எதையோ எழுதிக்கொண்டே இருக்கும். எதை என்று அவருக்கும் தெரியாது.

இந்தப் பெட்டிக்கு நாஸ் என்று பெயர். வீட்டு நெட்வொர்க்கில் உட்கார்ந்துகொண்டு எல்லாருடைய போட்டோவையும் ஃபைலையும் வாங்கி வைத்துக்கொள்ளும் ஹார்ட் டிஸ்க் பெட்டி, அவ்வளவுதான். தைவானின் சினாலஜியும் க்யூநாப்பும் இதைச் செய்து விற்றே பெரிய கம்பெனிகள் ஆயின. பெரும்பாலான மாமாக்களுக்கு இந்த ஆசை முளைத்த தேதியைச் சொல்லிவிடலாம்: 2021 ஜூன் 1. அதுவரை அளவில்லாமல் போட்டோக்களை இலவசமாக வாங்கிக்கொண்ட கூகுள் போட்டோஸ், அன்றிலிருந்து புதிதாக ஏற்றும் எல்லாவற்றையும் 15 ஜிபி கணக்கில் சேர்க்கத் தொடங்கியது. மேலே வேண்டுமென்றால் அப்போது 100 ஜிபிக்கு மாதம் 130 ரூபாய், மொத்தமாகக் கட்டினால் வருஷத்துக்கு 1300.

"நம்ம குழந்தை போட்டோவை நாம பார்க்க அவனுக்கு வாடகை கொடுக்கணுமா?" என்று மாமா கொதித்தார். கொதித்த வேகத்தில் இரண்டு டிஸ்க் போடும் பெட்டி ஒன்றும், ஒன்றுக்கு மற்றொன்று நகலாக 4 டிபி டிஸ்க் இரண்டும் வாங்கினார். கேபிள், குட்டி யூபிஎஸ் எல்லாம் சேர்த்து அரை லட்சத்தைத் தொட்டது. மாமி கால்குலேட்டரை எடுத்தார்.

"ஏங்க, இது முப்பத்தெட்டு வருஷ வாடகைங்க."

"அது 100 ஜிபி. இது 4 டிபி. கம்பேர் பண்ணவே கூடாது."

"நம்மகிட்ட மொத்தமே 80 ஜிபிதானே இருக்கு?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை. ஆனால் கேள்வி மட்டும் மாமாவின் நெஞ்சில் தைத்துவிட்டது. அதன் விளைவுகளைப் பிறகு பார்ப்போம்.

பெட்டியை நிறுவ அரை மணி நேரம் போதும் என்று சனிக்கிழமை காலை அறிவித்தார். ஞாயிறு மாலை வரை வீட்டில் வைஃபை இல்லை. பெட்டிக்கு நிலையான முகவரி கொடுக்க வேண்டுமாம். ரூட்டருக்குள் புகுந்து எதையோ மாற்றப்போய், மகளின் லேப்டாப்பிலிருந்து மாமியின் சீரியல் வரை எல்லாம் நின்றன. கடைசியில் 192.168.1.50 என்ற முகவரியில் பெட்டி கண்ணைத் திறந்தது. அதற்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லித் திரையில் கட்டம் வந்தது. இந்த இடத்தில்தான் மாமாக்களின் கவித்துவம் வெளிப்படும். குபேரன், கலைமகள், பொக்கிஷம் என்றெல்லாம் வைத்தவர்கள் உண்டு. இவர் 'சித்ரகுப்தன்' என்று வைத்தார்.

"ஏண்டா, எமலோகத்துக் கணக்கன் பேரையா வீட்டுக்குள்ள வைப்பாங்க?" என்றார் அவருடைய அம்மா.

"எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கும்மா. எதுவும் அழியாது."

அம்மாவுக்கும் ஒரு யூசர் ஐடி கொடுக்கப்பட்டது. பன்னிரண்டு எழுத்துப் பாஸ்வேர்ட். அதில் ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி. அந்தக் கணக்கில் அம்மா இதுவரை நுழைந்ததில்லை. சுந்தர காண்டம் கேட்க அவரிடம் ரேடியோ இருக்கிறது.

அன்று இரவே முதல் சச்சரவும் வந்தது. 4 டிபி என்று வாங்கிய டிஸ்க், கம்ப்யூட்டரில் 3.63 என்று காட்டியது. மாமா இதற்காகவே காத்திருந்தவர்போலப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார். டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி 4 டிபி என்கிறது. விண்டோஸ் 1024 ஆக வகுத்து 3.63 என்கிறது, இருவரும் சொல்வது ஒரே அளவுதான். முழுவதையும் கேட்டுவிட்டு அம்மா, "அப்ப கடைக்காரன் எடையில அடிச்சிட்டான்னு சொல்லு" என்று எழுந்து போனார்.

கடைக்காரர் பாவம். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் மாமாவைத் தூரத்தில் பார்த்தாலே டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்கள் விலை கேட்பார்கள். இவர் சீரியல் நம்பர் கேட்பார். ஒரே நாளில் ஒரே ஆலையில் பிறந்த டிஸ்க்குகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாகக்கூடும் என்ற பயம். அதனால் ஒன்றை இந்தக் கடையிலும் மற்றொன்றை எதிர்க்கடையிலும் வாங்குவார். "சார், ரெண்டு கடைக்கும் ஒரே டிஸ்ட்ரிபியூட்டர்தான் சார், ஒரே அட்டைப்பெட்டியிலதான் வரும்" என்று சொன்னாலும் கேட்க மாட்டார். அடுத்த கேள்வி, "இது சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா?" தடங்களை ஒன்றின்மேல் ஒன்று கூரை ஓடுகளைப் போல ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்க்குகள், நாஸ் பெட்டியில் மாற்றி எழுதும்போது படுத்துவிடும். சில கம்பெனிகள் அதை வெளியே சொல்லாமலே விற்றது 2020-இல் அம்பலமானது. இந்த விஷயத்தில் மாமாவின் சந்தேகம் முழுக்க நியாயமானது என்று நானே சாட்சி சொல்வேன். நியாயமான சந்தேகத்தை நாற்பது நிமிஷம் கேட்க வேண்டுமா என்பதுதான் கடைக்காரரின் கட்சி.

இனி மாமியின் கேள்விக்கு வருவோம். 80 ஜிபியை வைத்துக்கொண்டு 4 டிபியை எப்படி நிரப்புவது? முதலில் கல்யாண வீடியோ கேசட்டைக் கொடுத்து டிஜிட்டல் ஆக்கினார். பிறகு எல்ஐசி ரசீதுகள், 1998-லிருந்து சேர்ந்த கரண்ட் பில்கள், எப்போதோ விற்ற ஸ்கூட்டரின் ஆர்சி புத்தகம் எல்லாம் ஸ்கேன் ஆயின. எம்பி3-யாக இருந்த இளையராஜா பாட்டுகளை இடத்தை அடைக்கும் ஃப்ளாக் வடிவில் மறுபடி சேர்த்தார். டிவியின் ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது என்று மகள் சொன்னதற்கு, "உனக்குக் காது பழகலை" என்றார். இத்தனைக்குப் பிறகும் அரை டிபியைத் தாண்டவில்லை. மாமா சோர்ந்துபோனார்.

அப்போதுதான் சிசிடிவி ஞானம் பிறந்தது. வாசலில் ஒன்று, பால்கனியில் ஒன்று. ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் வீதம் அனுப்பினால் நாளொன்றுக்கு 43 ஜிபி. இரண்டுக்கும் 86. ஒன்றரை மாதத்தில் சித்ரகுப்தன் வயிறு முட்டியது. பால்காரர் பாக்கெட் போடுவது, எதிர்வீட்டுப் பூனை மிதியடியில் படுப்பது, மறுபடி பால்காரர். "இடம் பத்தலை" என்று மாமா சொன்னபோது, அவ்வளவு மகிழ்ச்சியாக அவரை யாரும் பார்த்ததில்லை.

அடுத்து நான்கு டிஸ்க் பெட்டி வந்தது. பழைய இரண்டோடு புதிய 4 டிபி இரண்டும் சேர்ந்தன. ரெய்டு 5 என்ற ஏற்பாடு. மாமாவிடம் இதைப் பற்றிக் கேட்டுவிடாதீர்கள். 1988, பெர்க்லி பல்கலைக்கழகம், பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்று கோத்திரப் பிரவரம் சொல்வதுபோல ஆரம்பிப்பார். விலையுயர்ந்த பெரிய டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாக மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைக் கூட்டுச் சேர்த்து வேலை வாங்கலாம் என்பதே அந்த மூவர் எழுதிய கட்டுரையின் வாதம். மலிவு என்ற பகுதியை மட்டும் மாமா வீட்டில் சொல்வதில்லை.

சூத்திரம் உண்மையிலேயே அழகானது. 7, 4, 9 என்று மூன்று எண்களை மூன்று டிஸ்க்கில் எழுதுங்கள். கூட்டுத்தொகை 20-ஐ நான்காவதில் எழுதுங்கள். எந்த ஒன்று தொலைந்தாலும் மற்ற மூன்றைக்கொண்டு அதைக் கண்டுபிடித்துவிடலாம். நிஜத்தில் நடப்பது கூட்டல் அல்ல, எக்ஸ்ஓஆர் என்ற பிட் கணக்கு. அந்த நான்காவது எண்ணும் ஒரே இடத்தில் இராமல் எல்லா டிஸ்க்கிலும் மாறி மாறி உட்காரும். நான்கு டிஸ்க்கில் ஒரு டிஸ்க் அளவு காப்புக்குப் போக, 12 டிபி கையில் நிற்கும்.

12 போதாது என்று தோன்ற எத்தனை நாள் ஆகும்? நான்கையும் 8 டிபியாக மாற்றும் மகாயாகம் தொடங்கியது. ஒரு டிஸ்க்கை உருவிப் புதியதைச் செருக வேண்டும். மற்ற மூன்றும் சேர்ந்து கணக்குப் போட்டுப் புதியதை நிரப்பும். ஒரு டிஸ்க்குக்கு முழு நாள் பிடித்தாலும் ஆச்சரியமில்லை. அது முடிந்ததும் அடுத்தது. கடைசி டிஸ்க் மாறும்வரை ஒரு ஜிபிகூடக் கூடாது. அதற்குள் இன்னொரு டிஸ்க் போனால் மொத்தமும் போச்சு. எனவே அந்த நாட்களில் வீட்டில் ஊரடங்கு. அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. மிக்ஸி ஓட்டினால் "லோடு, லோடு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். வீட்டு வேலைக்கு வரும் அக்கா அந்தத் தட்டைத் துடைக்கத் தடை. வருஷம் முழுக்கப் பெட்டியின் காற்றுத் துளைகளில் அடைந்த தூசியை எடுத்து அது சூடாகாமல் காப்பாற்றியவர் அவர் ஒருவர்தான் என்பது மாமாவுக்குத் தெரியாது. நடுவில் மின்தடை. வீடே இருட்டில் விசிறிக்கொண்டிருக்க, யூபிஎஸ் தயவில் சித்ரகுப்தன் மட்டும் குளுகுளுவென்று ஓடினார்.

"எனக்கு ஒரு ஃபேன் ஓடலை, அதுக்கு ஓடுது பாரு" என்றார் அம்மா.

நான்காம் நாள் 24 டிபி. கூடவே பழைய 4 டிபி டிஸ்க் நான்கும் மேஜைமேல். "நல்ல டிஸ்க், சும்மா கிடக்குதே" என்று மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு வாரத்தில் அவற்றுக்காக இன்னொரு பெட்டி வந்தது. இப்படித்தான் வம்சம் பெருகுகிறது.

இந்தப் பெட்டிப் பிரியர்களுக்குள் சாதிப்பிரிவும் உண்டு. ராஸ்பெர்ரி பையில் யூஎஸ்பி டிஸ்க்கை மாட்டி, அதை ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருக்கும் பேச்சலர் பையன்கள் ஒரு பக்கம். பிழை திருத்தும் ஈசிசி மெமரி இல்லாமல் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் போடுபவனை மனிதனாகவே மதிக்காத தீவிரவாதிகள் மறுபக்கம். மாமா நடுவில் நின்று இருவரையும் பார்த்துச் சிரிப்பார்.

ஓர் இரவு இரண்டு மணிக்குப் பெட்டி பீப் பீப் என்று கத்தியது. அம்மா கேஸ் சிலிண்டரைப் பார்க்க ஓடினார். ஒரு டிஸ்க் செத்திருந்தது. மாமா முகத்தில் அப்படி ஒரு ஒளி! இத்தனை வருஷம் கட்டிய கோட்டைக்கு இன்றுதான் எதிரி வந்திருக்கிறான். ஒரு ஃபைலும் போகவில்லை. விடிந்ததும் வாரண்டி சீட்டோடு கிளம்பினார். மாமி அன்று மட்டும் மனதாரப் பாராட்டினார்.

அடுத்த வாரம் மகள் ஸ்கூலுக்கு அவளுடைய சின்ன வயசுப் போட்டோ ஒன்று உடனே வேண்டும் என்றார் மாமி. மாமா லாகின் செய்தார். போனுக்குக் குறியீட்டு எண் வந்தது. 2021, 2022 வாக்கில் இணையத்துக்குத் திறந்து கிடந்த வீட்டு நாஸ் பெட்டிகளைப் பூட்டிவிட்டுப் பிட்காயினில் காசு கேட்ட கும்பல்களைப் பற்றிப் படித்ததிலிருந்து அவர் பூட்டுமேல் பூட்டாகப் போட்டிருக்கிறார். கும்பலோடு குடும்பமும் வெளியே நிற்கிறது. அவர் ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கிக்கொண்டிருக்கையில், மாமி தங்கையின் வாட்ஸப்பிலிருந்து படத்தை எடுத்து அனுப்பிவிட்டார்.

"ஐயோ, அது கம்ப்ரெஸ் ஆனது! ஒரிஜினல் என்கிட்ட இருக்கு!"

"அவங்க கேட்டது ஸ்டாம்ப் சைஸ்ங்க."

எல்லா பாஸ்வேர்டையும் எழுதிவைத்த எக்செல் ஷீட் ஒன்று மாமாவிடம் உண்டு. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டாருக்கு உதவுமாம். அதைப் பெட்டிக்குள்ளேயே பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறார்.

மாமாவின் தெருவில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் புகுந்தது. இவர் வீடு தரைத்தளம். இரண்டு பெட்டிகளும் ஒரே தட்டில், ஒரே யூபிஎஸ்ஸில். ஒரு டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாற்றும். தண்ணீரோ திருடனோ இடியோ வந்தால் காப்பாற்றாது. யாராவது தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால், அழித்ததையும் அக்கறையாக எல்லா டிஸ்க்கிலும் அழித்துவிடும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறோர் இடத்தில் என்பது போட்டோகிராஃபர் பீட்டர் க்ரோ பரப்பிய விதி. மாமாவுக்கு அது மனப்பாடம். யார் கேட்டாலும் ஒப்பிப்பார்.

எனவே, இப்படி ஒருவர் இருக்கும் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. அந்த 80 ஜிபியை ஒரு சின்ன யூஎஸ்பி டிஸ்க்கில் நீங்களே ஏற்றி, அடுத்த முறை திருச்சிக்குப் போகும்போது உங்கள் அக்கா வீட்டு பீரோவில் வைத்துவிட்டு வாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். மாமாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்; அக்கா வீட்டுக்கும் நாலு டிஸ்க் பெட்டி ஒன்று பார்சலில் போய்விடும்.