தே தாரேக் ஆறுவதற்குள் பங்கு பரிந்துரைத்தல்: தானா ராத்தா வட்டார ஆய்வு

பங்குச் சந்தைக்குப் புதிதாக வந்தவர் தமக்குப் பிடித்த பங்கை உறவினர் தலையில் கட்டப் பார்க்கும் வழக்கம் கேமரன் மலையிலும் உண்டு. பேரறிஞர் எவரும் சீண்டாத இத்துறையை இக்கட்டுரை ஆராய்கிறது. களம்: தானா ராத்தா சாப்பாட்டுக் கடை. கருவிகள்: தே தாரேக், கைப்பேசி, மாமா ஒருவர்.

கருதுகோள் 1: கண்ணில் படுவதே நல்ல பங்கு.

மலைக்காரர் கண்ணில் முதலில் படுவது தேயிலை. “மாமா, போ தேயிலைய வாங்கிப் போடுங்க. பஸ் பஸ்ஸா சனம் வருது” என்று ஆரம்பிப்பார் சந்தைக்குப் புதிதான தம்பி. சனம் வருவது உண்மை. ஆனால் 1929இல் ஜே. ஏ. ரஸல் தொடங்கிய அந்த நிறுவனம் இன்றும் குடும்பத்தார் கையில்தான் இருக்கிறது. பர்சா மலேசியாவில் அதன் பங்கு கிடையாது. 1933இல் தொடங்கிய பாரத் தேயிலையும் குடும்பச் சொத்தே. சந்தையில் இல்லாத பங்கை வாங்கச் சொன்ன வகையில் பரிந்துரை தோல்வி. யாருக்கும் நட்டமில்லை என்ற வகையில் இதுவே தம்பியின் ஆகச் சிறந்த பரிந்துரை.

கருதுகோள் 2: குரல் ஏறினால் விலையும் ஏறும்.

எதிரில் இருப்பவர் அறுபதைத் தாண்டியவர் என்றால் இது எடுபடாது. 1980களில் மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தில் சுமார் 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்டுவிட்டு, லாபத்துக்குக் காத்துக் காத்து அலுத்தார்கள். அந்தக் கதை மாமாவுக்கு மனப்பாடம். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் கதையும் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளரிடம் மாதம் 10 வெள்ளியாகப் பங்குப்பணம் சேர்த்து முழுத் தோட்டங்களையே வாங்கிய சங்கம் அது. போட்ட பணம் எங்கே என்று கேட்டவருக்குக் காட்ட, மரமும் மண்ணும் இருந்தன.

ஆகவே மாமா மூன்று கேள்விகளோடு வருகிறார்: “கம்பெனி எதுல சம்பாதிக்குது? என்ன விலைக்கு வாங்குற? என்ன நடந்தா வித்துட்டு வெளிய வருவ?”

முதல் கேள்விக்கு, “செம்பனை” என்கிறார் தம்பி. இரண்டாவதற்குக் கடை பில்லின் பின்பக்கம் கணக்கு: பங்கு விலை 2 வெள்ளி, ஆண்டு லாபம் பங்குக்கு 10 சென், ஆக லாபத்தைப் போல் 20 மடங்கு விலை. மூன்றாவதற்குத் தம்பி தே தாரேக்கை ஆற்றத் தொடங்குகிறார். அது ஏற்கெனவே ஆறிவிட்டது.

கண்டறிவு: மூன்றாம் கேள்விக்கான பதிலை முதலில் சொல்பவரே ஜெயிக்கிறார். “செம்பனை எண்ணெய் விலை விழுந்தா லாபமும் விழும் மாமா. ரெண்டு காலாண்டு அப்படியே போனா வித்துடுவேன்” என்று தம்பியே முந்திக்கொண்டால், மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லைக் கையில் எடுக்கிறார். ஒரு லாட் 100 பங்கு. 200 வெள்ளியும் தரகுக் கட்டணமும் இருந்தால் போதும் என்ற தகவலை அப்போது சொல்லலாம், அதற்கு முன் கூடாது.

ஆய்வின் வரம்பு: இம்முறை அத்தையிடம் செல்லவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி: “அந்த 200 வெள்ளி உனக்கு ஏது?” எந்த ஆண்டறிக்கையைப் புரட்டினாலும் இதற்குப் பதில் இல்லை.