பௌலிங் சராசரியைக் குறைப்பது எப்படி?

சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் டென்னிஸ் பந்து போடும் எந்த பௌலரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான்: "நான் கரெக்டாத்தான் போட்டேன் மச்சி, இவனுங்கதான் கேட்ச் விட்டானுங்க." கிரிக்கெட் கணக்கில் இந்தப் புலம்பலுக்கு இடமே இல்லை. மிட்விக்கெட்டில் நிற்பவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே லட்டு மாதிரி வந்த கேட்சை விட்டாலும், அதற்கப்புறம் அந்த பேட்ஸ்மேன் அடிக்கும் சிக்ஸரெல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.

ஆகவே அமெரிக்காவுக்குப் போங்கள். விசா வேண்டாம், பேஸ்பாலின் பௌலிங் சராசரியான ஈ.ஆர்.ஏ. போதும். அதன் பிதாமகராகச் சொல்லப்படும் ஹென்றி சாட்விக் 1824இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் பிறந்து, நியூயார்க்கில் கிரிக்கெட் நிருபராக இருந்துவிட்டு பேஸ்பாலுக்குத் தாவியவர். நம்மாள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

சூத்திரம் எளிது. பிட்சர், அதாவது அங்கே பந்து வீசுபவர், கொடுத்த ரன்களில் ஃபீல்டர்களின் பிழையால் வந்ததைக் கழித்துவிடுங்கள். மீதியை ஒன்பதால் பெருக்கி, அவர் வீசிய இன்னிங்ஸால் வகுங்கள். அங்கே ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். ஒன்பது இன்னிங்ஸ் என்றால் 27. முழு ஆட்டமும் அவரே வீசினால் எத்தனை ரன் கொடுப்பார் என்பதுதான் விடை. 1968இல் பிட்சர் பாப் கிப்ஸனுக்கு 1.12 வந்தது. அடுத்த வருடமே பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து பத்தாகக் குறைத்துவிட்டார்கள். பௌலர் நன்றாகப் போட்டால் ஊரே சேர்ந்து விதியை மாற்றும் வழக்கம் அங்கேயும் உண்டு.

இப்போது உங்கள் கணக்கு. மூன்று ஓவர், 32 ரன், ஒரு விக்கெட். கிரிக்கெட்டில் சராசரி 32. வீட்டில் சொல்ல முடியாது. ஆனால் 14 ரன் அந்த செல்போன்காரன் கேட்ச் விட்டபிறகு வந்தது, கழித்தால் 18. உங்கள் ஓவரில் ஒரு ரன் அவுட்டும் இருந்தது. கிரிக்கெட் அதை உங்களுக்குத் தராது. பேஸ்பாலிலோ பிட்சர் வீசும்போது விழும் அவுட் எதுவானாலும் அவர் கணக்குதான். 18 ரன், இரண்டு அவுட்: சராசரி 9. மேற்கு மாம்பலத்து அஸ்வின் 106 டெஸ்டில் 537 விக்கெட் எடுத்தும் 24இல்தான் நிற்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜார்ஜ் லோமனுக்கே 10.75தான். இரண்டு பேரையும் தாண்டியாகிவிட்டது. இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆர்வக்கோளாறில் அமெரிக்க முறைப்படியே 27ஆல் பெருக்கினால் 243 வரும், மானம் போகும்.

இன்னொரு சலுகை. பிட்சரே தன் கையில் வந்த பந்தைக் கோட்டைவிட்டாலும் அது ஃபீல்டிங் பிழைதான். அதனால் வரும் ரன்னும் கழிவுதான். காட் அண்ட் போல்டு கேட்சைத் தாராளமாக விடலாம்! வைடு போடுகிறவர்கள் மட்டும் ரொம்பத் துள்ள வேண்டாம். பந்தை எல்லைக்கு வெளியே போட்டுப் போட்டு பேட்ஸ்மேனை 'வாக்'கில் (இலவசமாக) முதல் பேஸுக்கு அனுப்பி, அவர் பின்னால் ரன்னாக வந்தால் அது பிட்சர் தலையில்தான்.

கால்குலேட்டரை நம்பாதீர்கள். 2.4 ஓவரில் 20 ரன் என்றால் எகானமி 8.33 என்று காட்டும். அந்த .4 நாலு பந்து; மொத்தம் 16 பந்து, எகானமி 7.5. பேஸ்பாலில் 6.1 இன்னிங்ஸ் என்பதும் ஆறே மூன்றில் ஒன்றுதான். புள்ளியைப் பார்த்து ஏமாறாத ஊரே கிடையாது போலிருக்கிறது.

நல்ல எண் கிடைத்ததும் தோள் வலி என்று உட்கார்ந்துவிடுவது உத்தமம். 1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த நரேந்திர ஹிர்வானி, முதல் டெஸ்டிலேயே வெஸ்ட் இண்டீஸின் 16 விக்கெட்டை 136 ரன்னுக்கு எடுத்தார். சராசரி 8.50. அதன்பிறகும் ஆடினார், 17 டெஸ்ட் முடிந்தபோது முப்பதைத் தாண்டியிருந்தது. அதிலும் அந்த முதல் மேட்ச்சில் கிரண் மோரே செய்த ஸ்டம்பிங் மட்டுமே ஆறு. நல்ல கீப்பர் அமைந்ததற்கு எந்தச் சூத்திரத்திலும் கழிவு கிடையாது, அதைப் பற்றி எந்த பௌலரும் புகார் சொல்லிக் கேட்டதில்லை.

கடைசியாக, எது பிழை என்று யார் சொல்வது? பேஸ்பாலில் அதற்கென்றே அதிகாரபூர்வ ஸ்கோரர் உட்கார்ந்திருப்பார். இங்கே அடுத்து காஜிக்குப் போகப் பேட் கட்டிக் காத்திருப்பவன்தான் ஸ்கோரர். அவனுக்கு டீயும் பட்டர் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தபின் பேச்சைத் தொடங்கவும். ஒரே மைதானத்தில் நாலு மேட்ச் நடக்கிறதே, பக்கத்து மேட்ச்சின் பாயிண்ட் ஃபீல்டர் குறுக்கே வந்து நம் ஆளை இடித்தால் யார் பிழை என்று கேட்காதீர்கள், ஸ்கோரர் குழம்பிவிடுவான். கேட்ச் விட்டவன்தான் பேட்டுக்குச் சொந்தக்காரன் என்றால், அவன் பேரில் பிழை எழுதுவதை மேட்ச் முடிந்து அவன் வண்டியை எடுத்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ச் விடும் நாளில் பௌலர் இதையெல்லாம் எடுத்துச் சொன்னால், "இது என்ன பேஸ்பாலாடா?" என்று கேளுங்கள்.